அரிய புற்றுநோய்: மரபணு நிபுணர் குழுவின் முன் கேஸைக் கொண்டுபோவது எப்படி?

என் அக்காவுக்குக் கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளத்தில் புற்றுநோய் வந்தது. மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய் என்று அடிக்கடி பார்க்கிற புற்றுநோய்களுக்கு எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் வகுத்து வைத்த சிகிச்சைப் பாதை ஒன்று இருக்கும். அரிய வகைகளுக்கு அந்தப் பாதை சீக்கிரமே முடிந்துவிடும். முதல் கீமோ, அது கேட்காவிட்டால் இரண்டாவது கீமோ, அதற்கு மேல் "பார்க்கலாம்" என்பார்கள். அந்த இடத்தில் உதவக்கூடியது மாலிக்யூலர் டியூமர் போர்டு என்ற நிபுணர் குழு. கட்டியின் மரபணுச் சோதனை முடிவைப் பல துறை மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த நோயாளிக்கு எந்த மருந்து பொருந்தும், எந்த ஆய்வில் சேர்க்கலாம், எதை முயன்று பயனில்லை என்று எழுத்தில் சொல்வார்கள்.

ஐரோப்பாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் சார்கோமா, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று, அட்ரீனல் புற்று எல்லாம் இதில் வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒன்று வந்து, "ஜெனிட்டிக் டெஸ்ட் எடுங்கள்" என்று ஒரு சீட்டு மட்டும் கையில் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். குழுவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அவர்கள் முன் வைக்க நல்ல திசு, சரியான சோதனை, ஒழுங்கான ஃபைல் மூன்றும் தயாராக இருப்பதுதான் கஷ்டம். அதில் பெரும்பகுதி குடும்பத்தார் ஓடி முடிக்க வேண்டிய வேலை.

1. சிகிச்சை தரும் ஆன்காலஜிஸ்ட்டிடம் பேசுங்கள்

பெரும்பாலான குழுக்கள் நோயாளியிடமிருந்து நேராகக் கேஸ் வாங்குவதில்லை. சிகிச்சை தரும் டாக்டர்தான் அனுப்ப வேண்டும். குழுவின் பதிலும் அவருக்குத்தான் வரும், அதன்படி மருந்து எழுதப்போவதும் அவர்தான். அதனால் அவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். இன்னொருவர் கருத்தைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. "டாக்டர், இது அபூர்வமான வகை என்று சொன்னீர்கள். மாலிக்யூலர் டியூமர் போர்டில் வைத்துப் பார்க்கலாமா? அதற்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பல டாக்டர்கள் மகிழ்ச்சியாகவே ஒத்துழைப்பார்கள்.

எப்போது கேட்பது? முதல் கீமோ தொடங்கும் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து தாமதிக்காதீர்கள். பித்தநாளப் புற்று முற்றிய நிலையில் இருந்தால் முதல் சிகிச்சை பெரும்பாலும் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின், அவற்றோடு டர்வாலுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் ஒரு இம்யூனோதெரபி மருந்து. அது சில மாதங்கள் ஓடும். அந்த மாதங்களுக்குள் பயாப்சித் திசு உள்ள மெழுகுக் கட்டியான பிளாக்கை வாங்கி, சோதனை முடித்து, குழுவின் கருத்தையும் வாங்கி வைத்துவிட்டால், நோய் மறுபடி வளர்வதாக ஸ்கேன் காட்டும் அன்றே அடுத்த மருந்தைப் பற்றிப் பேசலாம். நோய் வளர்ந்த பிறகு தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் கையை விட்டுப் போகும். அதற்குள் நோயாளியின் உடல் தளர்ந்து, நல்ல மருந்து இருந்தும் தாங்க முடியாத நிலை வந்துவிடலாம்.

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். அறுவை சிகிச்சையிலேயே முழுதாக எடுத்துவிடக்கூடிய ஆரம்ப நிலை என்றால் இதற்கு அவசரமில்லை. நோயாளி ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருந்தால், "இந்தச் சோதனையின் முடிவு இவருடைய சிகிச்சையை மாற்றுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றாது என்று அவர் சொன்னால் அந்தப் பணத்தையும் சிரமத்தையும் வலி நிவாரணத்துக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் செலவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

2. பயாப்சி பிளாக்கைத் தேடிப் பிடியுங்கள்

எல்லாம் இந்தச் சின்ன மெழுகுக் கட்டியில்தான் இருக்கிறது. பயாப்சியில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜித் துறையில் எண் போட்டு வைத்திருப்பார்கள். கண்ணாடி ஸ்லைடு, அதிலிருந்து சீவியெடுத்த ஒரு மெல்லிய படலம் மட்டுமே. மரபணுச் சோதனைக்கு பிளாக்கோ, அதிலிருந்து புதிதாக வெட்டிய சாயமேற்றாத ஸ்லைடுகளோ வேண்டும். சாயமேற்றிய ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து லேபில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயாப்சி இன்னும் எடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. ஊசியால் திசு எடுக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு, "மரபணுச் சோதனைக்கும் சேர்த்துத் திசு வேண்டும்" என்று டாக்டரையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் கூடுதலாக இரண்டு மூன்று துண்டுகள் எடுத்து, இரண்டு பிளாக்குகளாகப் பிரித்துப் பதிப்பார்கள். ஒன்றை நோயைக் கண்டறியப் பயன்படுத்தினாலும் மற்றொன்று முழுசாக இருக்கும். எலும்பிலிருந்து எடுக்கும் பயாப்சி என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பை மென்மையாக்க அமிலம் பயன்படுத்தினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளால் செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பயாப்சி முடிந்துவிட்டதென்றால் பிளாக்கை வாங்கும் வேலை. இதற்குப் பெரும்பாலும் கேட்பவை: நோயாளியின் விண்ணப்பக் கடிதம், அடையாள அட்டை நகல், பயாப்சி எண் உள்ள ரிப்போர்ட், டாக்டரின் கடிதம். நோயாளி வர முடியாது என்றால், உங்களுக்கு அதிகாரம் தந்து அவர் கையெழுத்திட்ட கடிதமும் உங்கள் அடையாள அட்டையும். சில இடங்களில் ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, பிளாக்கைத் திருப்பித் தந்ததும் கொடுப்பார்கள். பயாப்சி எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரி எண்ணை வைத்துத் தேடினால் பேத்தாலஜியில் ஆகாது. எங்களுக்கு ஒரு மருத்துவமனையில், பிளாக் வேறொரு லேபுக்குப் போயிருக்கிறது என்ற தகவலை வாங்கவே பல நாள் ஆனது. ஆகவே நேரில் போகும் முன் போனில் "பிளாக் உங்களிடமே இருக்கிறதா, இன்னும் திசு மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. இழுத்தடித்தால் அந்த விதியைக் குறிப்பிட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பிளாக்குக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. அங்கே பேத்தாலஜித் துறைத் தலைவரை நேரில் பார்த்துப் பேசுவதுதான் வேலைக்காகும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது திசு தீர்ந்துபோவதில். பிளாக்கை ஒவ்வொரு முறை மெஷினில் ஏற்றும்போதும் மேல்பரப்பைச் சமன்செய்ய ஒரு பகுதியைச் சீவித் தள்ள வேண்டும். பென்சிலைச் சீவச் சீவக் குறைவது போலத்தான். இன்று நாலு ஸ்லைடு, அடுத்த வாரம் நாலு ஸ்லைடு என்று வெட்டினால் ஊசி பயாப்சியின் திசு இரண்டு மூன்று தடவையில் முடிந்துவிடும். இன்னொரு நிபுணரின் மறுபார்வைக்கு எத்தனை, மரபணுச் சோதனைக்கு எத்தனை என்று முதலில் லேபிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு, மொத்தமாக ஒரே தடவையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் வைக்காமல் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பிளாக் மெழுகு என்பதை மறக்க வேண்டாம். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூரியரில் அனுப்பினால் சிறு பெட்டியில் பஞ்சு வைத்து, பயாப்சி எண்ணை வெளியிலும் எழுதி, டிராக்கிங் உள்ள சேவையில் அனுப்புங்கள். பல லேப்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பி இலவசமாக எடுத்துக்கொள்வார்கள்.

3. நோயின் பெயர் சரிதானா என்று மறுபார்வை செய்யுங்கள்

அரிய புற்றுகளில் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆண்டுக்கு ஓரிரண்டு கேஸ் மட்டுமே பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்கும், தினமும் அதையே பார்க்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. குறிப்பாக சார்கோமாவில், நிபுணர் மறுபடி பார்க்கும்போது வகையே மாறிப்போவது அபூர்வமல்ல. வகை மாறினால் சிகிச்சையும் மாறும். மும்பை டாடா மெமோரியல், வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் பேத்தாலஜி மறுபார்வை செய்கிறார்கள். செலவு, மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஒரு வாரம், பத்து நாளில் முடியும். கூடுதல் சாயச் சோதனைகள் தேவைப்பட்டால் இன்னும் சில நாள்.

மறுபார்வைக்கு அனுப்பும்போதே டிஎன்ஏவில் வரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களைப் பார்க்கும் மிஸ்மேட்ச் ரிப்பேர் என்ற சோதனையைச் செய்துவிடச் சொல்லலாம். அது சாதாரண இம்யூனோ சாயச் சோதனைதான், சில ஆயிரம் ரூபாயில் முடியும். அதில் குறைபாடு தெரிந்தால், கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபிக்கு வழி திறக்கிறது. அமெரிக்காவில் உறுப்பைப் பார்க்காமல் மரபணுக் குறியீட்டை மட்டும் பார்த்து முதன்முதலில் அனுமதி தந்தது 2017இல் இதற்காகத்தான்.

4. எந்தச் சோதனை, எவ்வளவு செலவு

கட்டியின் பல மரபணுக்களை ஒரே தடவையில் படிக்கும் சோதனைக்குப் பெயர் என்ஜிஎஸ். எந்தெந்த மரபணுக்களைப் படிக்கிறார்கள் என்ற தொகுப்பைப் பேனல் என்பார்கள். லேப் பிரதிநிதிகள் "500 ஜீன் பேனல்", "1000 ஜீன் பேனல்" என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். எண்ணிக்கையைவிட, உங்கள் நோயில் முக்கியமானதை அது பிடிக்குமா என்பதே கேள்வி. கல்லீரலுக்குள் வரும் பித்தநாளப் புற்றில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்கு எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை ஃப்யூஷன் என்பார்கள். ஏறக்குறைய அதே அளவு பேருக்கு ஐடிஹெச்1 மரபணுவில் மாற்றம் இருக்கும். இரண்டுக்கும் மாத்திரைகள் உண்டு: முதலாவதற்கு பெமிகாட்டினிப், இரண்டாவதற்கு ஐவோசிடெனிப். அமெரிக்காவில் இவற்றுக்கு இந்த நோயில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அனுமதி கிடைத்தது. மாற்றத்தை டிஎன்ஏ சோதனை நன்றாகப் பிடிக்கும். ஃப்யூஷனைச் சில டிஎன்ஏ பேனல்கள் தவறவிடும். அதனால் "டிஎன்ஏவோடு ஆர்என்ஏவும் சேர்த்துச் செய்கிறீர்களா?" என்பதுதான் லேபிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சார்கோமாவுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் இது இன்னும் முக்கியம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய மற்றவை:

திசு போதவில்லை என்றால் பணம் திரும்ப வருமா, அல்லது ரத்தத்தில் இலவசமாகச் செய்து தருவார்களா? பெரும்பாலும் திசுவில் 20 சதவீதமாவது புற்றுச் செல்கள் இருக்க வேண்டும் என்பார்கள். அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் பில் போடுவோம் என்று சொல்லும் லேப் நல்ல லேப்.

கட்டியை மட்டும் படிக்கிறார்களா, ரத்தத்தையும் சேர்த்து ஒப்பிடுகிறார்களா? ஒப்பிட்டால் பிறவியிலேயே வந்த மாற்றம் எது, கட்டியில் மட்டும் உண்டானது எது என்று பிரிக்கலாம்.

ரிப்போர்ட் பிடிஎஃப்போடு, கண்ட மாற்றங்களின் விரிவான பட்டியலான விசிஎஃப் என்ற தரவுக் கோப்பையும் தருவார்களா? குழுவிலுள்ள மரபணுத் தரவு நிபுணர் அதைக் கேட்கலாம். பிற்பாடு கேட்டால் சில லேப்கள் தனிக் கட்டணம் போடுகின்றன, முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, சிறிய பேனல் இருபதாயிரம் ரூபாய் அளவில் தொடங்கும். டிஎன்ஏ, ஆர்என்ஏ சேர்ந்த பெரிய பேனல் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்தைத் தொடும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்வது சில லட்சம். வெளிநாட்டுச் சோதனைதான் உயர்ந்தது என்று நகையை அடகு வைக்க வேண்டாம். குழு எதை ஏற்கும் என்று கேட்டுவிட்டு, அதற்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். மருத்துவமனை வழியாகப் போனால் விலை குறையும். வருமானச் சான்று காட்டினால் சலுகை தரும் லேப்களும் உண்டு. ரிப்போர்ட் வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

ரத்தத்தில் செய்யும் லிக்விட் பயாப்சி வேகமானது, ஊசிக் குத்தோடு முடியும். திசுவே இல்லாதபோது கைகொடுக்கும். ஆனால் கட்டி ரத்தத்தில் டிஎன்ஏவைக் குறைவாகவே விட்டால் மாற்றம் இருந்தும் "இல்லை" என்று வரும். கீமோ நன்றாக வேலைசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால் இந்த ஆபத்து கூடும். கீமோ தொடங்கும் முன்போ, நோய் வளரும்போதோ எடுப்பதுதான் நல்லது.

ஒரு பொறியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் செல்களை எடுத்து வளர்த்து, எந்தக் கீமோ கேட்கும் என்று முன்கூட்டியே சொல்கிறோம்" என்று ஒரு சோதனையை விற்கிறார்கள். அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ, ஆராய்ச்சிக்கு வெளியே இதை வைத்துக் கீமோவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று 2011இலேயே சொல்லிவிட்டது. மரபணுக் குழுக்கள் கேட்பது இதை அல்ல. பயத்தில் இருக்கும் குடும்பத்தை நோக்கி வரும் இந்த விற்பனைக்கு மயங்காதீர்கள்.

5. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஒரு கேஸுக்குக் குழு செலவிடுவது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம். இருநூறு பக்க ஃபைலை யாரும் அங்கே புரட்டமாட்டார்கள். முதலில் ஒரே பக்கத்தில் சுருக்கம் வேண்டும். டாக்டருக்கு எழுத நேரம் இருக்காது. நீங்கள் தேதிகளைத் திரட்டித் தந்தால் அவர் திருத்திக் கையெழுத்துப் போடுவார்.

அந்தப் பக்கத்தில் வர வேண்டியவை: வயது, மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். நோயின் பெயர், கண்டறிந்த தேதி, நிலை. இதுவரை கொடுத்த ஒவ்வொரு சிகிச்சையும் எந்தத் தேதியில் தொடங்கி எப்போது நின்றது, ஏன் நின்றது, அதற்கிடையில் கட்டி சுருங்கியதா வளர்ந்ததா. நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்பதை டாக்டர்கள் 0 முதல் 4 வரை ஒரு எண்ணில் குறிப்பார்கள். 0, 1 என்றால் தன் வேலையைத் தானே பார்க்கிறவர், 4 என்றால் படுக்கையில் இருப்பவர். குழு முதலில் பார்க்கும் எண்ணே அதுதான். சமீபத்திய ரத்தச் சோதனையில் கல்லீரல், சிறுநீரக அளவுகள். குடும்பத்தில் யாருக்கெல்லாம், எந்த வயதில், என்ன புற்று வந்தது என்பதும் வேண்டும். இதைத் தாத்தா பாட்டி வரை விசாரித்து எழுதுங்கள். "வயித்துக் கட்டி வந்து போய்ட்டாங்க" என்று பெரியம்மா சொல்வதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் பின்னால் பேத்தாலஜி ரிப்போர்ட்கள், மறுபார்வை ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், டிஸ்சார்ஜ் சம்மரிகள். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் காகிதமோ ஃபிலிமோ போதாது, ஸ்கேன் படங்களின் மூலக் கோப்பான டைகாம் வடிவில் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். முதல் ஸ்கேனும் கடைசி ஸ்கேனும் கண்டிப்பாக வேண்டும். கோப்புகளுக்குத் தேதியை முதலில் வைத்துப் பெயரிடுங்கள், தானாக வரிசையாகிவிடும். போனில் சாய்வாக எடுத்த படங்களை அனுப்பாதீர்கள், ஸ்கேனர் செயலியில் பிடிஎஃப் ஆக்குங்கள்.

6. குழுவைக் கண்டுபிடிப்பது

இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது நேஷனல் கேன்சர் கிரிட். 2012இல் தொடங்கி, டாடா மெமோரியல் மையத்தின் ஒருங்கிணைப்பில் நடக்கும் இந்தக் கூட்டமைப்பில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருக்கின்றன. அடையாறு, வேலூர் இரண்டும் உறுப்பினர்கள். இதன் டியூமர் போர்டுகள் வீடியோ வழியாக நடப்பதால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மும்பை போக வேண்டியதில்லை. உறுப்பு மருத்துவமனையின் டாக்டர் கேஸை முன்வைப்பார். உங்கள் டாக்டர் உறுப்பினராக இல்லாத மருத்துவமனையில் இருந்தால், அருகிலுள்ள உறுப்பு மருத்துவமனையில் ஒரு முறை நோயாளியைப் பதிவு செய்துகொள்வதே நேரான வழி.

பெரிய தனியார் மருத்துவமனைகள் சில தங்களுக்குள்ளேயே மாலிக்யூலர் போர்டு நடத்துகின்றன. சில லேப்களும் தங்கள் சோதனையோடு சேர்த்து ஒரு குழுக் கருத்தைத் தருகின்றன. லேப் தரும் கருத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சிகிச்சை முடிவை அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம், நோயாளியைப் பார்த்த டாக்டர் அதில் இருப்பதில்லை. டாடா மெமோரியலோடு இணைந்த நவ்யா என்ற இணையச் சேவையில் குடும்பத்தாரே பதிவு செய்து எழுத்தில் நிபுணர் கருத்து பெறலாம். மரபணுக் குழுவுக்கு அது மாற்று இல்லை, என்றாலும் எந்தத் திசையில் போவது என்ற தெளிவு கிடைக்கும்.

எந்தக் குழுவாக இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். மாலிக்யூலர் பேத்தாலஜிஸ்ட்டும் மரபணு ஆலோசகரும் அதில் இருக்கிறார்களா? அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு ஃபைல் போய்ச் சேர வேண்டும்? பல குழுக்கள் வாரம் ஒரு முறையோ, இரு வாரத்துக்கு ஒரு முறையோதான் கூடும். ஒரு ஸ்கேன் சிடி வராததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது. நோயாளியின் ஒப்புதல் கையெழுத்தும் தேவைப்படும். முன்பே வாங்கி வையுங்கள்.

7. முடிவைப் படிப்பது

லேப் ரிப்போர்ட்டில் பத்துப் பதினைந்து மாற்றங்களும் அவற்றுக்கெதிரே நீளமான மருந்துப் பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்து நம்பிக்கையும் வேண்டாம், கலக்கமும் வேண்டாம். அவற்றில் பல, வேறு நோயிலோ எலிகளிலோ பார்த்தவையாக இருக்கலாம். குழுவின் வேலையே இதைச் சலித்து எடுப்பதுதான். ஐரோப்பிய மருத்துவர் சங்கமான எஸ்மோவின் எஸ்கேட் என்ற தரவரிசையைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன. அதில் முதல் நிலை என்றால் இதே நோயில், இதே மாற்றத்துக்கு மருந்து பலன் தந்ததற்கு நல்ல சான்று உண்டு. மூன்றாம் நிலை என்றால் வேறொரு புற்றில் பலன் தந்தது, அல்லது இதை ஒத்த மாற்றத்தில் பலன் தந்தது. நான்காம் நிலை ஆய்வக அளவில்தான். "இது எஸ்கேட்டில் எந்த நிலை?" என்று கேட்டால் டாக்டருக்கும் உங்களுக்கும் பேச்சு எளிதாகும்.

வியுஎஸ் என்று குறித்திருப்பவை, என்ன செய்யும் என்று இன்னும் தெரியாத மாற்றங்கள். அவற்றுக்காக மருந்தை மாற்றக் கூடாது.

சில மாற்றங்கள் பிறவியிலிருந்தே இருக்கலாம் என்று குழு சொல்லும். பிஆர்சிஏ, டிபி53 போன்ற மரபணுக்களில் இது வரும். அப்படியானால் மரபணு ஆலோசகரைப் பார்த்து ரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பிகளிடம் இதைச் சொல்லத் தயங்குகிறோம், பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் மறைக்கவே செய்கிறோம். தயவுசெய்து மறைக்காதீர்கள். முன்கூட்டித் தெரிந்தவர்களுக்குப் பரிசோதனையால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

8. பரிந்துரையிலிருந்து மருந்து வரை

ஜெர்மனியில் அரிய புற்றுகளுக்காகவும் இளம் வயதினருக்காகவும் நடக்கும் மாஸ்டர் என்ற திட்டம், 1,310 நோயாளிகளின் முடிவை 2021இல் வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்ட ஏதோ ஒரு பரிந்துரை கிடைத்தது. அந்தச் சிகிச்சை உண்மையில் போய்ச் சேர்ந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். வசதியான நாட்டிலேயே இப்படி. ஆகவே பரிந்துரைக் கடிதம் வந்த அன்றே மருந்துக்கான வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், மருந்து இந்தியாவில் கிடைக்கிறதா, இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் இருக்கிறதா என்று மருத்துவமனை ஃபார்மசியில் கேளுங்கள். இருந்தால், கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் உண்டா என்பது அடுத்த கேள்வி. சில மாதம் வாங்கினால் மீதியை இலவசமாகத் தரும் திட்டங்கள் பல மருந்துகளுக்கு உண்டு. டாக்டரின் செயலரிடமோ ஃபார்மசியிலோ இந்த விவரம் இருக்கும், அவர்களாகச் சொல்வது குறைவு.

இந்தியாவில் இல்லாத மருந்தைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வரவழைக்கச் சட்டப்படி வழி இருக்கிறது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்தால், படிவம் 12பி-யில் அனுமதி தருவார்கள். பதிவு பெற்ற டாக்டரின் மருந்துச் சீட்டு, நோயாளியின் அடையாள அட்டை, நோய் விவரம், மருந்தின் பெயரும் அளவும் வேண்டும். சீட்டில் எழுதிய அளவும் விண்ணப்பத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில்தான் பல விண்ணப்பங்கள் திரும்புகின்றன. சுங்க வரி விலக்குப் பட்டியலில் உங்கள் மருந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். டர்வாலுமாப் உள்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் விலக்கு தந்தார்கள், 2025 பட்ஜெட்டில் மேலும் 36 உயிர்காக்கும் மருந்துகளைச் சேர்த்தார்கள். தெரிந்தவர் மூலம் பெட்டியில் வரும், ரசீது இல்லாத மருந்தை வாங்காதீர்கள். போலி மருந்து என்றால் பணத்தோடு காலமும் போய்விடும்.

மருந்து ஆய்வில் சேர முடிந்தால் மருந்துக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்திய ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும். நோயின் பெயரைப் போட்டுத் தேடி, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளை மட்டும் அச்செடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆய்வில் சேர யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேளுங்கள். தனியார் பாலிசி என்றால், வாய்வழிக் கீமோவையும் ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகளையும் விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் விதித்திருக்கிறது. உச்சவரம்பு மட்டும் வைக்கலாம். மரபணுச் சோதனைக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். மருத்துவமனையில் சேர்ந்திருந்ததோடு தொடர்புள்ளது என்று டாக்டர் எழுதித் தந்து, பாலிசி அனுமதிக்கும் முன், பின் நாட்களுக்குள் பில் இருந்தால் வாங்கிவிட வாய்ப்புண்டு. பல பாலிசிகளில் அது 30 நாள் முன், 60 நாள் பின். சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்கள், டாக்டர் சான்றோடு சலுகை வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

மாத்திரை கைக்கு வந்ததும் உடனே தொடங்கிவிடாதீர்கள். பெமிகாட்டினிப் போன்ற எஃப்ஜிஎஃப்ஆர் மருந்துகளில் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறும், விழித்திரையில் நீர் சேரலாம். தொடங்கும் முன் கண் பரிசோதனையும் ரத்தச் சோதனையும் முடித்து, உணவில் எதைக் குறைப்பது என்று உணவியல் நிபுணரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. மறுபடி எப்போது

குழுவின் கருத்து அன்றைய நிலவரத்துக்கானது. பொருத்தமான மருந்து நன்றாக வேலைசெய்து, பல மாதம் கழித்து நோய் மறுபடி வளர்ந்தால், கட்டி புதிய மாற்றங்களை உண்டாக்கியிருக்கலாம். எஃப்ஜிஎஃப்ஆர்2வில் இப்படி எதிர்ப்புத் தரும் மாற்றங்கள் வருவது தெரிந்ததே. அவற்றில் சிலவற்றுக்கு ஃப்யூட்டிபாட்டினிப் போன்ற வேறு மாத்திரை கேட்கும். அந்த நேரத்தில் ரத்தத்திலோ புதிய பயாப்சியிலோ மறுபடி சோதித்து, பழைய ஃபைலோடு அதே குழுவிடம் போங்கள். முதல் முறை எதுவும் கிடைக்காதவர்களும் ஓராண்டு கழித்துப் பழைய விசிஎஃப் கோப்பை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

லேபிலிருந்து மிச்சப் பிளாக் தானாக வந்துவிடும் என்று இருக்க வேண்டாம். ரிப்போர்ட் வந்த வாரமே போன் செய்து திருப்பி வாங்குங்கள். முதலில் தந்த பேத்தாலஜித் துறையிலேயே ஒப்படைத்து, பயாப்சி எண் குறித்த ரசீதை ஃபைலின் முதல் பக்கத்தில் செருகி வையுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.